இருபத்தாறரை அங்குல வாசல்நிலை, பெரிய ஃப்ரிட்ஜ்: உடைக்காமல் அடுக்களைக்குள் கொண்டுபோக வழி உண்டா?

டவுன்வாசி (கேள்வி)

வணக்கம். திருநெல்வேலி டவுனில், மேல ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. தெருவிலிருந்து ஏறினால் தார்சா (முன்கூடம்), அடுத்துப் பட்டாசல் (உள்கூடம்), அதற்கப்பால் ஒரு நடை (குறுகலான வழி), நடையின் இடப்பக்கத்தில் அடுக்களை, கடைசியில் அங்கணமும் (கழுவுமிடம்) புறவாசலும் என்று வீடு நீளவாக்கில் போய்க்கொண்டே இருக்கும். டவுனில் பழைய வீடு உள்ளவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். இருந்த ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுச் சட்டியை வைத்தால் பால் வைக்க இடம் இருக்காது. ஆகவே சென்ற வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில், இரண்டு கதவுகள் பக்கம் பக்கமாகத் திறக்கும் 600 லிட்டருக்கு மேற்பட்ட பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினோம். அளவு பார்த்தாயா என்று அம்மா கேட்டபோது, "அதெல்லாம் போகும்" என்று சொன்னவன் நான்தான். கொண்டுவந்த ஆட்கள் தார்சாவில் இறக்கி வைத்துவிட்டு, அடுக்களை நிலையை ஒருமுறை எட்டிப் பார்த்து, இது தங்களால் ஆகாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள்களாக அது அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தார்சாவிலேயே நிற்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கடையில் சொல்கிறார்கள். அதனால்தான் பிரிப்பதற்கு முன் இங்கே கேட்கிறேன்.

அட்டையில் அச்சிட்டுள்ளபடி ஃப்ரிட்ஜின் அகலம் 91 செ.மீ., ஆழம் 72 செ.மீ., உயரம் 178 செ.மீ. அடுக்களை நிலையின் இரண்டு கால்களுக்கும் இடையே இருபத்தாறரை அங்குலம், அதாவது 67 செ.மீ. சொச்சம். வாசற்படியின் மேல்முகத்திலிருந்து மேல்நிலை (நிலையின் மேல்சட்டம்) வரை ஐந்தடி பதினோரு அங்குலம், சுமார் 180 செ.மீ. வாசற்படி தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்திருக்கிறது. நடையின் அகலம் மூன்றடி. புறவாசல் பக்கம் உள்ள சந்தில் ஆள் ஒருவர் தோளைச் சாய்த்துத்தான் போக முடியும் என்பதால் அந்த வழி கிடையாது.

நிலையை எடுத்துவிட்டு அகலமாக வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். நிலை வைத்த அன்று அடியில் நவதானியமும் காசும் இட்டுப் பூசை செய்தது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அதன்மேல் கடப்பாரை படக்கூடாது என்கிறார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் ரத வீதியில் வண்டி வருவதும் நின்றுவிடும், வீடு நிறைய விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். இந்த ஃப்ரிட்ஜ் உள்ளே போகுமா, அல்லது திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறியது வாங்குவதுதான் முறையா?

பேட்டைத் தச்சர்

நான் முப்பது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்கிறவன். டவுனிலும் பேட்டையிலும் இப்படிப்பட்ட நிலைகள் பலவற்றைப் பழுது பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், தம்பி. இருபத்தாறரை அங்குலம் என்று நீங்கள் எழுதியிருப்பது கதவு இருக்கும்போது அளந்ததா, கதவு இல்லாமல் நிலைக்காலிலிருந்து நிலைக்கால் வரை அளந்ததா? பழைய வீட்டு அடுக்களைக் கதவு பெரும்பாலும் கீல் வைத்ததாக இருக்காது. மேலும் கீழும் குடுமி (துருத்திய முளை) வைத்துக் குழியில் சுழலும் கதவாக இருக்கும். அப்படிப்பட்ட கதவை எவ்வளவு திறந்தாலும் அதன் கனம் வாசலுக்குள்ளேயேதான் நிற்கும். ஒன்றரை அங்குலப் பலகை என்றால் ஒன்றரை அங்குலம் போய்விட்டது என்று பொருள். தாழ்ப்பாளின் கொண்டியும் நாதாங்கியும் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். அளவு எடுக்கும்போது மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, அவற்றுள் குறைந்ததை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய நிலை எதுவும் நேராக நிற்பதில்லை.

ஃப்ரிட்ஜைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கட்டுமானம்_நெல்லை

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பழைய நிலையை எடுத்துவிட்டு மூன்றடி அகலத்தில் இரும்பு நிலை வைத்துவிடுங்கள். இரண்டு நாள் வேலை. நாளைக்குப் பெரிய வாஷிங் மெஷின் வாங்கினாலும் உதவும்.

பேட்டைத் தச்சர்

மேலே எழுதிய அண்ணாச்சியோடு எனக்குச் சண்டை இல்லை; செங்கலும் சிமெண்டும் கொண்டு கட்டிய, மேலே லிண்டல் (கான்கிரீட் விட்டம்) ஓடும் வீட்டுக்கு அவர் சொல்வது பொருந்தும். இது சுண்ணாம்புக் காரைச் சுவர். வாசலுக்கு மேலே உள்ள சுவரின் பாரத்தை நிலைக்கு மேல் கிடத்திய மரக்கட்டைகள்தான் தாங்கிக்கொண்டிருக்கும். மச்சுக்குப் போகும் உத்திரத்தின் தலை அதே சுவரில் எங்கே ஊன்றியிருக்கிறது என்பது காரையைக் கொத்திப் பார்த்தால்தான் தெரியும். முட்டுக் கொடுக்காமல் இரண்டு பக்கமும் அரையடி கொத்தினால், நிலைக்காலைச் சுற்றியுள்ள காரை மட்டும் உதிர்ந்து நின்றுவிடாது. தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் அடுக்களைச் சுவரில் கை வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூசை போட்ட நிலை என்பது வேறு. அம்மா சொல்வதில் தச்சு நியாயமும் இருக்கிறது.

டவுன்வாசி

ஐயா சொன்னது சரிதான். கதவு குடுமிக் கதவுதான், ஒற்றைக் கதவு. நான் அளந்தது நிலைக்கால்களுக்கு இடையே. கதவைத் திறந்து வைத்து இப்போது அளந்தால் 25 அங்குலம், அதாவது 63.5 செ.மீ.தான் வருகிறது. மூன்று இடத்திலும் அளந்தேன். கீழே மட்டும் கால் அங்குலம் கூடுதல். நாதாங்கி அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது, அதைக் கழற்றிவிடலாம். நடை சுவருக்குச் சுவர் சரியாக 91.4 செ.மீ. இருக்கிறது.

குளிர்_மெக்கானிக்

பாளையங்கோட்டைப் பகுதியில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அட்டைப்பெட்டியில் இல்லை. உள்ளே இருக்கும் கையேட்டில் இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்திலும் அந்தக் கையேடு கிடைக்கும் என்பதால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. இவ்வகை ஃப்ரிட்ஜுகளுக்கு ஆழம் என்று ஒரே அளவு கிடையாது. கைப்பிடியோடு ஒன்று, கைப்பிடி இல்லாமல் ஒன்று, கதவே இல்லாமல் ஒன்று என்று தனித்தனியே கொடுத்திருப்பார்கள். கடையில் சொல்வது பெரும்பாலும் பெரிய அளவு. கதவுகளைக் கழற்றினால் உங்களுடையது போன்றவற்றில் ஆழம் ஏறத்தாழ பத்துச் செ.மீ. குறையும். உயரத்துக்கும் அப்படியே இரண்டு அளவு உண்டு: மேல் கீலோடு ஒன்று, கீலைக் கழற்றினால் பெட்டியின் உயரம் மட்டும் ஒன்று. அவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

கதவைக் கழற்றுவது பயப்பட வேண்டிய வேலை அன்று. தெரியாதவர் அவசரத்தில் செய்தால்தான் கெடும். மின் இணைப்பு இல்லாத நிலையில் மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் கீலும், கதவுக்குள் போகும் வயர் கப்ளர்களும் (இணைப்பிகளும்) தெரியும். கப்ளரை அழுத்திப் பிரிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கதவில் தண்ணீர் வரும் மாடல் என்றால் கீழ்ப்பக்கம் குழாய் இணைப்பு ஒன்று இருக்கும், அதையும் விடுவித்த பிறகே கதவைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கதவின் ஸ்க்ரூக்களை ஒரு கவரிலும் வலக்கதவின் ஸ்க்ரூக்களை வேறு கவரிலும் போட்டு, அந்தந்தக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். கழற்றிய கதவை ரப்பர் தரையில் படும்படி கிடத்தாதீர்கள். வளைந்த ரப்பர் பிறகு சரியாக ஒட்டாது. நிறுவனத்தின் சேவைப் பிரிவிலேயே கேட்டு ஆள் வரவழைப்பது நல்லது. வெளி ஆளைக் கொண்டு கழற்றினால் உத்தரவாதத்துக்குப் பாதகம் வருமா என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காரணம் கொண்டும் ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துத் தூக்கிப் போகாதீர்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்கவைத்தால் அந்த எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். அது திரும்பி வடிவதற்குள் ஓடவிட்டால் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடும். நாற்பத்தைந்து பாகைக்கு மேல் சாய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்க்க நேர்ந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரமாவது கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். கையேட்டில் எத்தனை மணி என்று இருக்கிறதோ அதுவே கணக்கு. பின்பக்கம் செம்புக் குழாய் எதுவும் நிலைக்காலில் இடித்து நசுங்கிவிடக் கூடாது. இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜுகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற கேஸ், அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது. குழாயில் கசிவு என்று சந்தேகம் வந்தாலே சுவிட்ச் போடாமல் சன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

டவுன்வாசி

கையேட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். கதவுகள் இல்லாமல் ஆழம் 61 செ.மீ.; கீல் இல்லாமல் உயரம் 175 செ.மீ. என்று போட்டிருக்கிறது. நிலை 67 செ.மீ., ஃப்ரிட்ஜ் 61 செ.மீ. என்றால் நுழைந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் நடையில் நேராகக் கொண்டுவந்து இடப்பக்கம் திருப்ப வேண்டுமே? 91 செ.மீ. நீளமுள்ள பெட்டி 91 செ.மீ. நடையில் எப்படித் திரும்பும்? தம்பி இந்த இடத்தில்தான் சிரிக்கிறான்.

கணக்கு வாத்தியார்

தம்பி சிரிப்பது நியாயம்தான். ஆனால் அவர் நினைப்பது, பெட்டி முழுவதும் நடைக்குள் நின்றுகொண்டே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை. அது முடியாது. 91-க்கு 61 உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 109.5 செ.மீ.; மூன்றடி நடையில் அது சுழலவே சுழலாது. நீங்கள் செய்யப்போவது சுழற்றுவது அன்று. பெட்டியின் முன்முனை அடுக்களை வாசலுக்குள் நுழைந்துகொண்டே இருக்கும்போது பின்முனை நடையில் விலகி வருகிறது. இரண்டு சந்துகள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில் ஒரு நீண்ட மேசையைத் திருப்புகிற கணக்கு அது. பள்ளியில் பெருமம், சிறுமம் என்று பிள்ளைகளுக்கு நடத்துகிறபோது இதே மூலையைத்தான் கரும்பலகையில் வரைவோம். பிள்ளைகள் எவரும் அதை நம்பியதில்லை.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். நடை 91.4, வாசல் 67.3, பெட்டியின் குறுக்களவு 61 என்று கொண்டால், அந்த மூலையில் திரும்பக்கூடிய பெட்டியின் நீளம் அதிகபட்சம் 99 செ.மீ. வருகிறது. உங்களுடையது 91. ஆகவே எட்டுச் செ.மீ. மிச்சம். மிக நெருக்கமாக இருக்கும் இடம், பெட்டி பாதிக்குச் சற்று மேல் திரும்பிய நிலையில் வரும். அந்த இடத்தில் சிக்கியது போலத் தோன்றும், பயந்து பின்வாங்க வேண்டாம். இனி குடுமிக் கதவைக் கழற்றாமல் 63.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், திரும்பக்கூடிய நீளம் 91.6 செ.மீ.தான். ஆறு மில்லிமீட்டர் மிச்சத்தில் நூறு கிலோ பெட்டியை நகர்த்தும் துணிச்சல் எனக்குக் கிடையாது. பேட்டைத் தச்சர் கேட்ட முதல் கேள்விதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஃப்ரிட்ஜின் கதவுகளைக் கழற்றாமல் போனாலோ, 72 செ.மீ. உள்ள பொருள் 67 செ.மீ. வாசலில் நுழையும் பேச்சே இல்லை.

கணக்கை நம்ப வேண்டாம், அட்டையை நம்புங்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, 91-க்கு 61 செ.மீ. அளவில் ஒரு துண்டு வெட்டி, நடையின் தரையில் வைத்து, அடுக்களை வாசல் வழியாகத் தரையோடு தரையாகத் தள்ளித் திருப்பிப் பாருங்கள். வாசற்படி உயர்ந்திருப்பதால் அதன் உயரத்துக்கு இருபுறமும் செங்கல்லோ புத்தகமோ அடுக்கி, அட்டையை அதன்மேல் நகர்த்துங்கள். எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை பாதியாகிவிடும். உங்கள் தம்பியையே இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பை நிறுத்திவிடுவார்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாய்த்தால் உயரம் குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சற்றே சாய்க்கும்போது நடப்பது நேர் எதிரானது. 175 செ.மீ. உயரமும் 61 செ.மீ. ஆழமும் உள்ள பெட்டியின் மூலைவிட்டம் 185 செ.மீ.; பெட்டியைச் சாய்க்கத் தொடங்கியதும் அதன் மேல்மூலை 185 வரை எழும்பிவிட்டுத்தான் கீழே இறங்கும். உங்கள் மேல்நிலை 180-இல் இருக்கிறது. டிராலியில் சாய்த்து உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் பார்த்தால் மேல்நிலையில் இடிக்கும். நேராக நிமிர்த்தி, அசையாமல், ஐந்து செ.மீ. இடைவெளியில் கொண்டுபோக வேண்டும்.

கல்லிடைக்காரி

தம்பி, இவ்வளவு பேரும் உள்ளே கொண்டுபோவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏன் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஃப்ரிட்ஜ் இருப்பது பட்டாசலில்தான். வருகிறவர்கள் எல்லாரும் திறந்து பார்ப்பார்கள் என்ற ஒரு தொல்லையைத் தவிர வேறு குறை இல்லை. அடுக்களையில் அடுப்புச் சூடும் புகையும் இருக்கின்றன, ஃப்ரிட்ஜைச் சுற்றிக் காற்றுப் போக இடம் வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். இரண்டு கதவும் நன்றாகத் திறந்தால்தான் உள்ளே உள்ள இழுப்பறையை இழுக்க முடியும். உங்கள் அடுக்களையில் அம்மி, ஆட்டுக்கல், விறகுப்பரண் எல்லாம் எடுத்த பிறகாவது அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வெளியே எடுப்பதாக இருந்தால், இதே வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பட்ட பாடு ஒன்றும் சொல்கிறேன், ஃப்ரிட்ஜ் அல்ல, முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின். அதன் பின்பக்கத்தில், பயணத்தில் டிரம் ஆடாமல் இருக்க நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். எப்போது எடுக்க வேண்டும் என்பது தெரியாது. தார்சாவிலேயே எடுத்துவிட்டு, அதன் பிறகு மூன்று படி ஏற்றி, இறக்கி, சாய்த்து அங்கணம் வரை கொண்டுபோனோம். வழி நெடுக டிரம் உள்ளே தொம்தொம் என்று மோதியது. முதல் நாள் துணி பிழியும்போது மெஷின் நடந்து வந்து வாசலில் நின்றது. இருக்கப்போகும் இடத்தில் கொண்டு நிறுத்திய பிறகுதான் அந்த போல்ட்டைத் தொட வேண்டும்.

டவுன்வாசி

அக்கா சொல்வதை வீட்டில் பேசிப் பார்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் இடையே இரண்டு வாசற்படி இருக்கின்றன. பால் எடுக்க ஒருமுறை, தயிர் எடுக்க ஒருமுறை என்று அவற்றைத் தாண்டிப் போய்வர முடியாது என்பதால்தான் அடுக்களையில் வைக்க நினைக்கிறோம். மேற்குச் சுவர் ஓரமாக நாலரை அடி இடம் காலியாக இருக்கிறது, அடுப்பிலிருந்து தள்ளித்தான். அட்டை வெட்டிப் பார்த்துவிட்டோம். வாத்தியார் ஐயா சொன்னபடியே பாதிக்கு மேல் திரும்பியதும் ஒருமுறை நெருக்கி, பிறகு விட்டுவிட்டது. கதவோடு வைத்துத் தள்ளிப் பார்த்தபோது அட்டை மடங்கிவிட்டது. இனி, நான்கு அங்குல வாசற்படியை எப்படித் தாண்டுவது என்பது மட்டும்தான் புரியவில்லை. தூக்குவதற்கு நடையில் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமே இல்லை.

பேட்டைத் தச்சர்

தூக்க வேண்டாம். தூக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் எல்லா வீட்டிலும் நிலைக்கால் உடைகிறது, தூக்குகிறவர் இடுப்பும் உடைகிறது. நடையிலும் அடுக்களைக்குள்ளும் வாசற்படியின் உயரத்துக்குச் சமமாக ஒரு மேடை போட்டுவிடுங்கள். நான்கு அங்குல மரச்சட்டத்தை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் முக்கால் அங்குலப் பிளைவுட் விரித்தால் போதும். அந்த முக்கால் அங்குலத்தைச் சட்டத்திலேயே குறைத்து, மேடையின் மேல்முகமும் வாசற்படியின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மேடை உயர்ந்துவிட்டால் மேல்நிலையில் உங்களுக்கு இருக்கிற ஐந்து செ.மீ. குறைந்துவிடும். வாசற்படியின்மேல் பாரம் படக்கூடாது என்று அம்மா நினைத்தால், அதில் படாமலேயே அதன்மேல் பலகை பாலம் போலக் கிடக்கும்படியும் செய்யலாம், ஆனால் பலகையின் கனத்தை உயரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜை மேடையில் ஏற்றுவதை அகலமான பட்டாசல் முனையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான்கு பேர் நின்று, சரிவுப் பலகையில் தள்ளி ஏற்றலாம். அதன் பிறகு எல்லாமே மட்டத்தில் நகர்த்துகிற வேலைதான்.

நகர்த்துவதற்கு அடியில் பழைய கோரைப்பாயை மடித்துப் போட்டு, பாயைப் பிடித்து இழுங்கள். பத்தமடையிலிருந்து வாங்கிவைத்திருக்கும் கல்யாணப் பாயை எடுத்துவிடாதீர்கள். அது இழுத்தால் கிழியும், அதோடு அம்மா உங்களைக் கிழிப்பார். சாதாரணப் பாய் போதும்.

குடுமிக் கதவைக் கழற்ற, கதவைப் பாதி திறந்து வைத்து, அடியில் கடப்பாரை நுனியைக் கொடுத்து, துணி சுற்றி மெதுவாக நெம்புங்கள். கீழ்க்குடுமி குழியிலிருந்து வெளியே வந்ததும் கதவின் அடியை வெளியே இழுத்தால் மேல்குடுமி தானாக இறங்கிவிடும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், பழைய தேக்கு நல்ல கனம் இருக்கும். மேலே இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள். குடுமி முறிந்தால் அது போல இன்னொன்று இழைப்பது எளிதன்று. அப்படியிருந்தால் ஆசாரி ஒருவரை அழைத்து மேல்வளையத்தைக் கழற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, திருப்புகிற இடத்தில் ஒரே ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். தேர் ரத வீதி முனையில் திரும்புவதை நீங்கள் வருடா வருடம் பார்க்கிறவர். முன்னால் ஆயிரம் பேர் வடம் இழுத்தாலும் தேரைத் திருப்புவது வடம் அன்று. சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுக்கிறவரும் பின்னால் தடி போடுகிறவர்களும்தான் திருப்புகிறார்கள். அதே போல, திருப்பத்தில் ஃப்ரிட்ஜை யாரும் இழுக்கக் கூடாது. உள்மூலையில், நிலைக்காலை ஒட்டி, சாக்குச் சுற்றிய ஒரு மெல்லிய பலகையை நிறுத்தி, அதில் பெட்டி உரசியபடி திரும்பும்படி பின்னாலிருந்து ஒருவர் மட்டும் நெம்ப வேண்டும். சாக்கும் பலகையும் சேர்ந்த கனம் ஒரு செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாத்தியார் கொடுத்த எட்டுச் செ.மீ.யை நாமே தின்றுவிடக் கூடாது.

டவுன்வாசி

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

சேவைப் பிரிவிலிருந்து வருகிறவர் காலை பத்தரைக்குச் சரியாக வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகு காலம் என்று அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்துவிட்டார். நல்லவேளையாக அந்த ஒன்றரை மணி நேரத்தில் மேடை வேலை முடிந்தது. நாங்கள் வாங்கிய சட்டம் நான்கு அங்குலம் என்று பெயர்தானே தவிர, அளந்தால் மூன்றே முக்கால் இருந்தது. பிளைவுட்டையும் சேர்த்தால் வாசற்படியைவிட அரை அங்குலம் உயர்ந்துவிடும் என்று தம்பிதான் கண்டுபிடித்தான்; சட்டங்களை இழைத்துக் குறைத்தோம்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டாசலில் பெட்டியைப் பிரித்து, ஃப்ரிட்ஜின் இரண்டு கதவுகளையும் கழற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதை மேடையில் ஏற்றியதில் ஒரு சிரமமும் இல்லை. நடையில் பாயை இழுத்தவுடன் வெண்ணெய் போல வந்தது. திருப்பத்தில் வாத்தியார் ஐயா சொன்ன இடத்திலேயே சிக்கியது. சேவை ஆள் உட்பட நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தால், பின்முனை கோட்டிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி நின்றது தெரிந்தது. கொஞ்சம் பின்னால் எடுத்து, கோட்டோடு ஒட்டிவிட்டுத் திரும்பத் தடி போட்டதும் உள்ளே போய்விட்டது. நிலைக்காலில் கீறல் இல்லை. மேல்நிலையில் மட்டும், அம்மா கட்டியிருந்த மாவிலைத் தோரணம் அறுந்து ஃப்ரிட்ஜின் தலையில் விழுந்தது. அது நல்ல சகுனமா இல்லையா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

உள்ளே நிறுத்திய பிறகு கதவுகளை மாட்டி, முன்பக்கக் கால்களைத் திருகி மட்டம் பார்த்து, ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் பிடித்தது. நாங்கள் அதிகம் சாய்க்கவில்லை என்றாலும், மெக்கானிக் அண்ணாச்சி சொன்னபடி மாலை வரை சும்மா விட்டு, ஆறு மணிக்கு விளக்கேற்றிய கையோடு அம்மாவே சுவிட்சைப் போட்டார்.

ஒரே ஒரு மிச்சம் இருக்கிறது. அடுக்களையின் குடுமிக் கதவைக் கழற்றியது எளிதாக இருந்தது. திருப்பி மாட்டும்போது கீழ்க்குடுமி குழியில் உட்கார மறுக்கிறது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, குழியைச் சற்றுக் கொத்த வேண்டும், தேர் முடிந்துதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை கதவு தார்சாவில், ஃப்ரிட்ஜ் நின்ற அதே இடத்தில் சாய்ந்து நிற்கிறது, அடுக்களைக்குள் பூனை தாராளமாக வந்து போகிறது. பாலை மட்டும் உடனுக்குடன் புது ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறோம்.